வாயசைப்பு போன பிறகு: ரயன் ஹிகாவின் பாதையும் நீலகிரி வீடியோக்காரர்களும்

2008 டிசம்பர் கடைசியில், ரயன் ஹிகா என்ற பதினெட்டு வயதுப் பையன் யூடியூபில் போட்டிருந்த பழைய வீடியோக்கள் நீக்கப்பட்டன. எல்லாம் பாட்டுக்கு வாயசைத்து நடித்தவை. அவர் முகத்தை முதலில் ஊரறியச் செய்தவையும் அவைதான். காரணம் காப்பிரைட். அடுத்த மாதம், 2009 ஜனவரியில், கணக்கே கொஞ்ச நாள் முடக்கப்பட்டது. உரிமை வாங்காத இசை இருந்த இன்னும் சில வீடியோக்களையும் அவர் எடுத்த பிறகுதான் கணக்கு திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், உலகத்திலேயே அதிக சப்ஸ்க்ரைபர் கொண்ட யூடியூப் சேனலாக அவருடைய 'நிகாஹிகா' நின்றது.

இந்த எட்டு மாதத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைக்கிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் போனை நிறுத்திவைத்துக் காமெடி வீடியோ எடுக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களில் பெரும்பாலோர், ஹிகா 2006ல் நின்ற அதே இடத்தில் நிற்கிறார்கள். பின்னால் தேயிலைத் தோட்டம், பனி, சில்வர் ஓக் மரம். முன்னால் ஏதோ ஒரு படத்தின் காமெடி வசனத்துக்கு வாயசைப்பு. நடிப்பு நன்றாகவே இருக்கிறது. முகபாவம் பிரமாதம். ஆனால் கேட்கிற குரல் சென்னையில் யாரோ டப்பிங் தியேட்டரில் பேசியது. அந்த இடத்திலிருந்து அடுத்த படிக்கு ஒருவர் எப்படிப் போனார் என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

ஹிகா பிறந்தது 1990 ஜூன் 6ஆம் தேதி, ஹவாய்த் தீவுகளில் உள்ள ஹிலோ என்ற ஊரில். ஹவாய் என்றதும் நமக்குக் கடற்கரையும் வெயிலும் நினைவுக்கு வரும். ஹிலோ அப்படிப்பட்ட ஊர் இல்லை. அமெரிக்காவிலேயே அதிகம் மழை பெய்கிற நகரங்களில் ஒன்று அது. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மக்கள் தொகை 2020 கணக்குப்படி 44 ஆயிரத்துச் சொச்சம். நம் குன்னூர் நகராட்சியும் 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய அந்த அளவுதான். லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டுமென்றால் கடலைத் தாண்டி ஐந்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார வேண்டும். சினிமாத் தொழில் என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் எதுவும் கிடையாது.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. ஹிகாவின் குடும்பம் ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவின் வம்சாவளி. ஜப்பானிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 1885 முதலும், ஒகினாவாவிலிருந்து 1900 முதலும் ஆட்கள் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த தீவு அது. ஹிலோ இருக்கும் தீவில் கடைசிக் கரும்பாலை 1996ல் மூடப்பட்டது. நீலகிரியில் தோட்டத் தொழிலின் வரலாறு தெரிந்த யாருக்கும் இது புதிதாகத் தோன்றாது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்காகத்தான் தமிழக அரசின் டேன் டீ தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் எழுந்தன. அங்கே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வளர்ந்த பேரப்பிள்ளைகள்தான் இன்று கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். சிலர் வீடியோ எடுக்கிறார்கள்.

சரி, 2006க்கு வருவோம். யூடியூப் தொடங்கியே ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன் முதல் வீடியோ ஏறியது 2005 ஏப்ரல் 23. படத்தின் தரம் மிகக் குறைவு. 2006 மார்ச்சிலிருந்து ஒரு வீடியோ பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. நம் ஊரில் அப்போது பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த காலம். மூன்று நிமிட வீடியோ முழுதாக இறங்குவதற்குள் வாடகை ஓடிவிடும். யூடியூபின் இந்தியப் பதிப்பு வந்ததே 2008 மே மாதத்தில்தான்.

2006 நடுவில், பள்ளி மாணவராக இருந்தபோது, ஹிகா தன் சேனலைத் தொடங்கினார். கூட ஷான் ஃபுஜியோஷி என்ற நண்பர். முதலில் செய்தது பிரபலமான பாட்டுகளுக்கு வாயசைப்பு. அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்மாஷ் என்ற இரண்டு நண்பர்களின் குழு 2005ல் போக்கிமான் கார்ட்டூனின் தொடக்கப் பாட்டுக்கு வாயசைத்த வீடியோ, ஒரு கட்டத்தில் யூடியூபிலேயே அதிகம் பார்க்கப்பட்டதாக இருந்தது. அதுவும் 2007ல் காப்பிரைட் காரணமாகவே நீக்கப்பட்டது.

ஏன் எல்லோரும் வாயசைப்பில் தொடங்குகிறார்கள்? சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேமரா முன்னால் முதன்முதலாக நிற்கும் ஒருவருக்கு மூன்று பயங்கள்: என்ன பேசுவது, எப்படிப் பேசுவது, பேசினால் சிரிப்பார்களா. வாயசைப்பு இந்த மூன்றையும் தள்ளிவைக்கிறது. வசனம் தயார், ஏற்ற இறக்கம் தயார், சிரிப்பு வரும் இடமும் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டது. உடம்பையும் கண்ணையும் மட்டும் பழக்கினால் போதும். நல்ல பயிற்சிதான். கைபிடித்து நடக்கிற குழந்தை மாதிரி, ஒரு கட்டத்தில் கையை விட்டாக வேண்டும். பெரும்பாலோர் விடுவதில்லை, ஏனென்றால் விடும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. ஹிகாவை நிறுவனங்கள் வற்புறுத்தின.

அதற்கு முன்பே அவர் பாதி வழி வந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2007 வாக்கில் அவரும் ஷானும் நின்ஜா ஆவது எப்படி, ரவுடி ஆவது எப்படி என்று பாடம் நடத்தும் கேலி வீடியோக்களை எடுத்தார்கள். இந்த 'எப்படி' வகைதான் அவர்களை வாயசைப்பிலிருந்து வசனத்துக்கு நகர்த்தியது. கதை தேவையில்லை, பாடம் நடத்துகிற தோரணை மட்டும் போதும். ஒன்றாவது படி, இரண்டாவது படி என்று போய்க்கொண்டே, ஒவ்வொரு படியிலும் ஒரு அபத்தம். ஆரம்பக்காரர்களுக்கு இதைவிட வசதியான சட்டகம் இல்லை.

தமிழிலும் இதே சட்டகத்தை ஏறக்குறைய அதே காலத்தில் ஒருவர் கையில் எடுத்தார். வில்பர் சற்குணராஜ். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, நம் ஊர்க் கழிவறையை வெளிநாட்டவர் பயன்படுத்துவது எப்படி என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் விளக்கினார். நம் மண்ணிலிருந்து இணையத்தில் எழுந்த முதல் நகைச்சுவைக்காரர்களில் அவரை வைக்காமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள், அவரோடு சேர்ந்து சிரித்தவர்களும் இருந்தார்கள். இருவகையும் தொடர்ந்து பார்த்தார்கள்.

டிசம்பரில் நடந்தது

யூடியூபை 2006 அக்டோபரில் கூகுள் 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்கியது. பெரிய நிறுவனத்தின் கைக்கு மாறியதும், வழக்கு போட்டால் பணம் கிடைக்கும் என்ற நிலை வந்தது. 2007 மார்ச்சில் டிவி, சினிமா நிறுவனமான வயாகாம் 100 கோடி டாலர் கேட்டு யூடியூப் மீது வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டே யூடியூப், ஏறுகிற வீடியோக்களில் அடுத்தவர் பாட்டோ படமோ இருக்கிறதா என்று தானே கண்டுபிடிக்கும் இயந்திர முறையைக் கொண்டுவந்தது. உரிமையாளர் தன் பாட்டின் மாதிரியைக் கொடுத்துவிட்டால் போதும், அதே ஒலி எங்கே வந்தாலும் அந்த முறை பிடித்துவிடும். 2008 டிசம்பரில் வார்னர் மியூசிக்கும் யூடியூபும் பேசிய பேச்சு முறிந்து, அந்த நிறுவனத்தின் பாட்டுகள் தளத்திலிருந்து இறக்கப்பட்டன. ஹிகாவின் வாயசைப்புகள் போனதும் அதே டிசம்பரில்தான். படுக்கையறையில் விளையாட்டாக எடுத்தது என்ற சலுகை யாருக்கும் கிடைக்காத காலம் தொடங்கியிருந்தது.

இதன் இன்னொரு பக்கம் வருமானம். விளம்பர வருமானத்தில் பங்கு தரும் திட்டத்தை யூடியூப் 2007 மே மாதம் சிலரை மட்டும் அழைத்துத் தொடங்கியது. ஆண்டு முடிவில் அமெரிக்கா, கனடாவில் யாரும் விண்ணப்பிக்கலாம் என்று திறந்தது. அடுத்தவர் பாட்டு ஓடுகிற வீடியோவில் பங்கு கிடையாது. ஆகவே வாயசைத்தால் கைதட்டல் உண்டு, சம்பளம் இல்லை. முன்பு பொழுதுபோக்காக இருந்தது பிழைப்பாக மாற வேண்டுமென்றால், வசனம், இசை, யோசனை மூன்றும் சொந்தமாக இருந்தாக வேண்டும்.

ஹிகா இந்தக் கட்டாயத்தை முழுதாக ஏற்றுக்கொண்டார். இசையைத் தானே அமைக்கத் தொடங்கினார். படிப்புக்காக அதற்குள் லாஸ் வேகஸ் போய், அங்குள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். ஷான் பக்கத்தில் இல்லை, பழைய நண்பர் கூட்டமும் இல்லை. தனியறை, ஒரு கேமரா, ஒரு கணினி. 2009ல் வந்த அவருடைய வீடியோக்களின் அழகு முழுவதும் இந்தத் தனிமையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

எல்லா வேடங்களையும் அவரே போட்டார். சட்டையை மாற்றி, விக் வைத்து, இடப்பக்கம் திரும்பி ஒரு வசனம், வலப்பக்கம் திரும்பி அடுத்தது. இரண்டையும் வெட்டி ஒட்டினால் உரையாடல். ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு ஹிகாக்களை நிறுத்தவும் கற்றுக்கொண்டார். டிவியில் பொருள் விற்கும் விளம்பரங்களைக் கேலி செய்தார். பெரிய படங்களைச் சில நிமிடங்களுக்குள் சுருக்கி நடித்தார். கேமராவைப் பார்த்து மூச்சு விடாமல் புலம்பும் வகையும் அப்போது வந்தது. பத்து நிமிட வரம்புக்கு உள்ளே, பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள், எல்லாம் முடிந்துவிடும்.

எடிட்டிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறை யூடியூப்காரர்கள் எல்லோரும் 'ஜம்ப் கட்' பயன்படுத்தினார்கள். அதாவது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் உள்ள மூச்சு, யோசனை, 'ம்' எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த வார்த்தைக்குத் தாவுவது. சினிமாவில் இது பிழையாகக் கருதப்படும், தலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குதிக்கிற மாதிரித் தெரியும். கணினியில் தனியாகப் பார்க்கும் ஒருவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடாமல் பிடித்துவைக்க, அந்தக் குதிப்பு உதவியது. ஹிகாவிடம் இதற்கு மேலும் ஒன்று இருந்தது: எங்கே வெட்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும். வேகமாக ஓடிக்கொண்டே வந்து, சிரிப்புக்கு முன்னால் ஒரு நொடி சும்மா நிற்பார். ஒரு வெறித்த பார்வை. அந்த நிறுத்தம்தான் சிரிப்பைத் தருகிறது. நம் பழைய மேடை நாடகக்காரர்களுக்கும் தெரிந்த வித்தைதான், அவர் அதைக் கத்தரிக்கோலால் செய்தார்.

அப்போது முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிறு ஊர்ப் பையனான லூகாஸ் குரூக்‌ஷாங்க். 'ஃபிரெட்' என்ற ஆறு வயதுச் சிறுவனாக, குரலைக் கீச்சென்று உயர்த்திப் பேசி, 2009 ஏப்ரலில் பத்து லட்சம் சப்ஸ்க்ரைபர் தொட்ட முதல் சேனல் அவருடையது. ஆகஸ்டில் ஹிகா அவரைத் தாண்டினார். 677 நாள் அந்த இடத்தில் இருந்தார், 2011 ஜூன் வரை. 30 லட்சம் தொட்ட முதல் சேனலும் ஹிகாவுடையதுதான், 2010 டிசம்பரில். ஃபிரெட் ஒரே பாத்திரம், ஒரே குரல். அந்தக் குரல் சலித்ததும் பார்ப்பவர்களும் குறைந்தார்கள். ஹிகாவுக்கு அப்படி ஒரு கூண்டு இல்லை. வாயசைப்பு பறிபோன அனுபவம் அவரை எந்த ஒரு வடிவத்தையும் நம்பி உட்காராதவராக ஆக்கிவிட்டது என்பது என் கணிப்பு.

பழைய வீடியோக்களில் சில இன்று பார்க்கச் சங்கடமானவை. ரவுடி ஆவது எப்படி என்பதில் கறுப்பின இளைஞர்களின் பேச்சும் உடையும் மலிவான கேலியாகின்றன. பதினேழு வயதுப் பிள்ளைகள் எடுத்தது என்று விளக்கலாம், ஆனால் அது நியாயமாகிவிடாது. நம் மலையிலும் இந்த ஆபத்து உண்டு. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் என்று பல பழங்குடிகள் வாழும் இடத்தில், யார் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரிக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த மக்களிடமிருந்தே ஒரு பிள்ளை எழுந்து தன் வீட்டைப் பற்றிச் சிரித்தால் அது வேறு. வெளியிலிருந்து ஒருவர் செய்தால் எனக்குப் பிடிக்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

உச்சியிலிருந்து இறங்கிய விதம்

2011க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். அதற்கு முன்பே, 2010 நவம்பரில், வோங் ஃபூ என்ற ஆசிய அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு குறும்படம் எடுத்து இலவசமாக யூடியூபில் போட்டார். பிறகு தனக்கென ஒரு தயாரிப்பு நிறுவனம், எழுத்தாளர்கள், உதவியாளர்கள். 2016ல் நான்கு பேரோடு சேர்ந்து கொரிய பாப் குழுக்களைக் கேலி செய்ய ஒரு போலிக் குழு தொடங்கினார். கேலிக்காகப் பாடிய பாட்டு உண்மையாகவே விற்றது. 2017ல் வந்த அவருடைய நூலில், சிறுவயதில் அடியும் அவமானமும் பட்டதையும், மனச்சோர்வில் கிடந்ததையும் எழுதினார். அந்த வேகமான வீடியோக்களுக்குப் பின்னால் அப்படி ஒரு பிள்ளை இருந்தான் என்பது அவரைப் பார்த்து வளர்ந்த பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதற்கிடையில் தளத்தின் கணக்கு மாறியது. 2012ல் யூடியூப், எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து வீடியோக்களைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. இது யாருக்கு லாபம்? மணிக்கணக்கில் கேம் விளையாடிக் காட்டுபவர்களுக்கு, தினமும் பேசுபவர்களுக்கு. ஒரு வாரம் எழுதி, ஒரு நாள் எடுத்து, பல நாள் வெட்டி நான்கு நிமிடம் கொடுப்பவருக்கு நஷ்டம். ஹிகாவின் வகைக்கு அடியில் இருந்த மண் மெல்ல அரித்துப்போனது. கூச்சல் போடாமல் அவர் வேலையை மாற்றிக்கொண்டார். நண்பர்களோடு உட்கார்ந்து பேசும் பாட்காஸ்ட் வந்தது. 2020ல் ட்விட்ச் தளத்தில் நேரலைக்குப் போனார். பழைய சேனலில் இரண்டு கோடிக்கு மேல் சப்ஸ்க்ரைபர் இருந்தும், புது வீடியோ அபூர்வமானது. தோற்றுப்போனார் என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். பதினாறு வயதில் தொடங்கி முப்பது வயது வரை லட்சக்கணக்கானவர்களைச் சிரிக்கவைத்த ஒருவர் வேகத்தைக் குறைப்பதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீலகிரியில் இது எப்படிப் பொருந்துகிறது

ஒளிப்பதிவுக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு சினிமா ஷூட்டிங்கோடு முடிந்துவிடுவதில்லை. ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1960ல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டு, 1967ல் உற்பத்திக்கு வந்தது. கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கே தயாராகி நாடு முழுவதும் போயின. அந்த ஆலைச் சம்பளத்தில் படித்து வளர்ந்த பிள்ளைகள் இன்றும் ஊட்டியில் நிறையப் பேர். டிஜிட்டல் வந்தது, பிலிமின் தேவை போனது, ஆலையும் மூடப்பட்டது. நாட்டுக்கே பிலிம் கொடுத்த ஊரில், தன் கதையைப் படமாக எடுக்கச் சாதாரணக் குடும்பத்துக்கு வழி கிடைத்தது, பிலிமே தேவைப்படாத காலத்தில்தான். வெளியூரிலிருந்து வந்த படக் குழுவினர் நம் மலையைப் பாட்டுக்குப் பின்னணியாக எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நம் பிள்ளைகளின் வாயசைப்பு வீடியோக்களிலும் மலை இன்னும் பின்னணியாகவே இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

வாயசைப்புப் பழக்கம் நம்மிடம் பெரிதாகப் பரவியது டிக்டாக் மூலம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அப்புறம் லைன் வீட்டுப் பிள்ளை வரைக்கும் அந்த ஆப் போய்ச் சேர்ந்தது. 2020 ஜூன் 29ஆம் தேதி அரசு தடை செய்த 59 ஆப்களில் டிக்டாக்கும் ஒன்று. ஒரே இரவில் எத்தனையோ பேரின் வீடியோக்கள் கைவிட்டுப் போயின. அந்த ஆண்டே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. இடம் மாறியது, வாயசைப்பு மாறவில்லை.

இப்போது யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க ஆயிரம் சப்ஸ்க்ரைபர் வேண்டும். கூடவே ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. இந்த எண்ணிக்கையைத் தொட்ட பிறகும் மானிடைசேஷன், அதாவது விளம்பர வருமானம், மறுக்கப்படலாம். அடுத்தவர் ஒலியையோ காட்சியையோ எடுத்துப் போட்ட சேனல் என்று தோன்றினால், மறுபயன்பாடு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். வாயசைப்புச் சேனல்கள் மாட்டுவது இங்கேதான். இரண்டு விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். க்ளெய்ம், அதாவது அது என்னுடையது என்ற உரிமைகோரல், வந்தால் வீடியோ பெரும்பாலும் இருக்கும், வருமானம் உரிமையாளருக்குப் போகும். ஸ்ட்ரைக் எனும் காப்பிரைட் எச்சரிக்கை வந்தால் வீடியோ போகும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலே போய்விடலாம். ஹிகாவுக்கு 2009 ஜனவரியில் நடந்ததன் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவம் இது.

வருமானக் கணக்கில் ஒரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. ஹிகாவின் பார்வையாளர்களில் பெரும்பகுதி அமெரிக்கர்கள், அங்கே விளம்பர விலை அதிகம். தமிழ்ப் பார்வைக்கு அவ்வளவு கிடைக்காது. அதனால் மலையில் வீடியோ எடுப்பவர்கள் ஹோம்ஸ்டே, சாக்லேட் கடை, டிராவல்ஸ் என்று உள்ளூர் விளம்பரத்துக்குத் திரும்புகிறார்கள். சிரிக்கவைக்கத் தொடங்கிய சேனல், ஊட்டியில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று முடிகிறது. குடும்பத்தை நடத்த வேண்டியவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நல்ல நகைச்சுவைக்காரர்கள் பலரை அப்படி இழந்துகொண்டிருக்கிறோம்.

சமவெளியில் இதற்கு ஒரு விடை ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. கோவையின் நக்கலைட்ஸ் குழு கொங்குத் தமிழிலேயே பேசி, அந்த ஊர் வீடுகளின் சண்டையையும் பாசத்தையும் எடுத்துத் தமிழ்நாடு முழுவதும் சென்றது. கோபி, சுதாகர் இருவரின் பரிதாபங்கள், பெரிய செலவே இல்லாமல், இரண்டு பேர் பல வேடம் போட்டுத் தினசரி வாழ்க்கையை வைத்தே கூட்டம் சேர்த்தது. ஆள் இல்லை என்பதைப் பாணியாக்கிக்கொண்ட ஹிகாவின் முறைக்கு இது நெருக்கமானது. நேரடியாக அவரிடமிருந்து வந்தது என்று சொல்லவில்லை, ஒரே மாதிரிப் பற்றாக்குறை ஒரே மாதிரி வித்தையைக் கற்றுக்கொடுக்கிறது.

மலையில் விஷயத்துக்குப் பஞ்சம் கிடையாது. சீசன் வந்தால் கல்லாரிலிருந்து குன்னூர் வரை நிற்கும் வண்டிகள், அதில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் மாட்டிக்கொள்ளும் உள்ளூர்க்காரர். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் கூகுள் மேப்பை நம்பி இறங்கும் வெளியூர் வண்டி. வாசலில் காட்டுமாடு நிற்பதால் பள்ளிக்கு லேட்டாகப் போகும் பிள்ளை, அதை நம்பாத புது வாத்தியார். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை வரும் என்று மாதா மாதம் வீட்டில் நடக்கும் விவாதம். வெயில் எப்படி இருக்கும் என்றே தெரியாதவர்கள் என்று நம்மை நினைக்கும் சென்னைச் சொந்தக்காரர்கள். இவற்றில் ஒன்றையாவது ஒரு படத்தின் காமெடி டிராக்கிலிருந்து எடுத்து வாயசைக்க முடியுமா? இவற்றை எழுதினால்தான் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கேமராவோடு போனாலோ, சாலையோர யானைப் பக்கத்தில் இறங்கி நின்று எடுத்தாலோ, வனத்துறை அபராதம் போடும். போடவும் வேண்டும். ஹிகா ஒரு அறைக்குள் இருந்துகொண்டே உலகத்தை எட்டினார், சமையலறையிலேயே எடுக்கலாம்.

எந்த மொழியில் எடுப்பது என்ற கேள்வி மலைக்கே உரியது. படுகர்களின் மொழியான படுகு பேசுபவர்கள் 2011 கணக்குப்படி சுமார் 1.3 லட்சம் பேர். படுகுப் பாட்டு வீடியோக்களுக்கு ஏற்கெனவே நல்ல வரவேற்பு உண்டு, கல்யாண வீடுகளில் அவற்றுக்கு ஆடாதவர் இல்லை. காமெடிக்கு அந்த எண்ணிக்கை போதுமா என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஆயிரம் சப்ஸ்க்ரைபருக்கு நிச்சயம் போதும். ஹட்டிகள் எனும் படுகர் ஊர்களில் இருப்பவர்கள், பெங்களூரிலும் கோவையிலும் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் தங்கள் பேச்சைக் கேட்கவே பார்ப்பார்கள். அடியில் தமிழில் வசனம் ஓடவிட்டால் மற்றவர்களும் வருவார்கள். டேன் டீ லைன்களில் பேசும் மலையகத் தமிழுக்கு, கடல் தாண்டி இலங்கையின் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அதே பேச்சைப் பேசும் மக்கள் இருக்கிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். அதை அப்படியே பேசி எடுத்தால் வயநாட்டுக்காரருக்கும் புரியும், அடியில் வசனம் போடுகிற வேலையும் மிச்சம்.